தூணில் கைவைத்தவன் ஓலை

முன்னொரு காலத்தில், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நாட்டைச் செங்குட்டி மாறன் என்ற அரசன் ஆண்டான். நாட்டின் பெயரை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அரசன் நொடிக்கொரு புத்திக்காரன் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு.

அதிகாரிகளைப் பயிற்றும் கல்விச்சாலை ஒன்று தலைநகரில் இருந்தது. ஆண்டுக்குப் பன்னிரண்டு இடம். அங்கே படித்தவர்களின் பெயர்கள் வாசல் தூணில் வெட்டப்பட்டிருக்கும். தகப்பன் பெயர்மேல் கைவைத்து நின்றால் மகனுக்கு இடம், பரீட்சை கிடையாது. மிஞ்சிய இடத்துக்கே மற்றவர்கள் எழுத வேண்டும். அந்த ஆண்டு தூணைத் தொட்டவர்களே பன்னிரண்டு பேர். உப்பளத்திலிருந்து நடந்தே வந்த காரி என்ற இளைஞன் வாசலில் நின்றுவிட்டான்.

“இது அநீதி, மன்னா” என்றார் அமைச்சர் நன்னாகர்.

“அமைச்சரின் தகப்பனார் பெயர் தூணில் இல்லை. அந்த வயிற்றெரிச்சல்” என்றார் கல்விச்சாலைத் தலைவர் அதிகர். அமைச்சரின் முத்திரை மோதிரத்தின்மேல் அவருக்கு நெடுநாளாய் ஒரு கண். “எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொட்டிலிலேயே பாடம் தொடங்கிவிடும்.”

அரசனுக்கு வேடிக்கை பிறந்தது. “நன்னாகரே, வழக்கம் தப்பென்று நாளைக்குள் அதிகர் வாயாலேயே சொல்லவையும். முடியாவிட்டால் மோதிரம் அவருக்கு.”

மறுநாள் காலை, காரியோடு சேர்த்துப் பதின்மூவரையும் ஒரே கேள்விக்கு விடை எழுதச் சொன்னார் அமைச்சர்: அடைமழையில் ஏரிக்கரை கசிந்தால் அதிகாரி என்ன செய்வான்? விடைகளை ஒரே எழுத்தன் பெயரில்லாமல் படியெடுத்தான்.

“திருத்த உங்களைவிடத் தகுந்தவர் யார், தலைவரே?”

அதிகர் உச்சி குளிர்ந்து சபையில் அமர்ந்தார். ஓர் ஓலையை உரக்கப் படித்தார்: “தாழ்ந்த ஊருக்கு ஆள் அனுப்புவேன். மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்குவேன். கசிவை வைக்கோலும் மண்ணும் கொண்டு அடைப்பேன்.” நிமிர்ந்தார். “இவன் அதிகாரி.”

கடைசி ஓலை: “அரசருக்கு எழுதி, விடை வரும்வரை காத்திருப்பேன்.”

“விடை வருமுன் ஊர் மிதக்கும். இந்த மரமண்டையைச் சாலைக்குள் விட்டவன் எவன்?”

சபை சிரித்து ஓய்ந்தபின் எழுத்தன் பெயர்களைச் சொன்னான். அதிகர் புகழ்ந்த ஓலை காரியுடையது. கடைசி ஓலை, அதிகரின் மகன் வழுதியுடையது.

“கேட்டீரே, எவன் என்று?” என்றான் அரசன்.

“நான்தான், மன்னா.” அதிகர் ஓலையைக் கீழே வைத்தார். “வழக்கம் தப்பு.”

மோதிரம் அமைச்சர் விரலிலேயே தங்கியது. அரசன் தன் முத்துமாலையையும் அவருக்கு அணிவித்தான். காரிக்கு இடம் கிடைத்தது. இனி எல்லோரும் எழுத வேண்டும், பெயரில்லாமல் திருத்த வேண்டும் என்று ஆணை பிறந்தது.

சபை கலைந்தது. அதிகர் எழவில்லை. தூண் இருந்த தைரியத்தில், மகன் எழுதிய ஒரு வரியைக்கூட அவர் அன்றுவரை படித்ததில்லை.

வழுதி அந்த ஓலையோடு அருகில் வந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

“அப்பா, இதில் எங்கே தப்பு செய்தேன்? சொல்லித் தாருங்கள்.”

அதிகர் ஓலையை வாங்கினார். தலை நிமிராமலே, மகனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.