செங்கோடனார் பூசிய கதவு

திருச்செங்கோட்டு மலையின் அடிவாரத்தில், சங்ககிரி போகும் சாலையோரம், அடிபட்ட கார்களைச் சீர்செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே பெயிண்ட் அடித்துப் பிழைத்தவர் செங்கோடனார். விடியலில் குளித்து, நெற்றி நிறைய நீறு பூசி, அம்மையும் அப்பனும் ஓருடலாய் உறையும் மலையை நோக்கி மூன்று முறை விழுந்து எழுந்த பிறகுதான் வேலையைத் தொடுவார். பெயிண்ட் அடிக்கும் கன்னைக் கையில் எடுக்கும்போது ‘அம்மையப்பா’ என்பார். கழுவி வைக்கும்போதும் ‘அம்மையப்பா’ என்பார். நடுவில், பெயிண்டில் கலக்கும் தின்னர் நெடி ஏறி இருமினாலும் அதே பேர்தான் வாயில் வரும்.

அவர் தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் பட்ட பாடு விளங்காது. நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தி, பள்ளம் நிரப்பும் பட்டி போட்டுத் தேய்ப்பது வேறு ஆட்கள் வேலை. அதன்மேல் பூசும் புது நிறத்தைப் பக்கத்துப் பழைய நிறத்தோடு சேர்ப்பது இவர் வேலை. டப்பாவில் இருப்பது ஆலையிலிருந்து வந்த நிறம். வண்டியில் இருப்பதோ பத்து வருஷ வெயில் தின்றது போக மிஞ்சிய நிறம். ஆகவே துளி மஞ்சள், துளி கறுப்பு என்று கலந்து, அட்டையில் அடித்துக் காயவைத்து, வெயிலில் வண்டியோரம் பிடித்துப் பார்க்க வேண்டும். பூசும்போதும் அடிபட்ட இடத்தோடு நிறுத்தாமல், பக்கத்துத் தகட்டின்மேல் மெல்ல மெல்ல இளைத்துப் போகும்படி விட்டு முடிக்க வேண்டும். எப்போதும் புதியதுதான் இறங்கிப் போய்ப் பழையதோடு சேரும். பழையது இம்மியும் அசைந்து கொடுக்காது.

அந்தக் கலையில் அவருக்கு நிகர் அந்தச் சாலையில் எவருமில்லை. வண்டிக்காரர் மூக்கு உரசத் தேடினாலும் ஒட்டுத் தெரியாது. அவருக்கு ஒரு நோன்பும் இருந்தது. திருநீறு அணிந்த அடியார் எவர் வண்டியோடு வந்து நின்றாலும், பட்டறை விடுமுறை நாளில் கூலி வாங்காமல் தம் கையால் பூசிக் கொடுப்பார். முடியாது என்ற சொல்லை அவர்களிடம் சொல்லமாட்டார். முப்பத்தொரு வருஷம் அந்தத் தொண்டு பிசகவில்லை.

பிசக வைத்தது கண். ஒருநாள் மாதுளை நிறக் கார் ஒன்றைப் பூசி முடித்து, நிறைவாகத்தான் வெயிலுக்குத் தள்ளினார். பட்டறைக்காரர் பொன்னுரங்கம் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். முன்பக்கத் தகடு செங்கல் அப்பியதுபோல இருந்ததாம். செங்கோடனார் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. ஈரோட்டுக் கண் மருத்துவர் சோதித்துவிட்டு, வருஷக்கணக்கில் இழுத்த தின்னர் நெடி கண் நரம்பைக் கெடுத்துவிட்டது என்றார். உருவம் தெரியும், வெளுப்பும் கறுப்பும் தெரியும், நிறம் இனித் திரும்பாது, மருந்தும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

பொன்னுரங்கம் நல்ல மனிதர். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றித் தகடு தேய்க்கும் வேலையைக் கொடுத்தார். மற்ற ஆட்களுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. டீ குடிக்கும் நேரத்தில் துணி ஒன்றைத் தூக்கிக் காட்டி, இது என்ன கலர் என்று தினமும் கேட்பார்கள். அம்மையப்பர் கலர் என்று அவரும் சிரித்தபடி சொல்லிவிட்டுத் தேய்க்கப் போவார். கேலி அவருக்கு உறைக்கவில்லை. வீட்டுக்குப் போனால்தான் சோறு இறங்காது. அடியார் ஒருவர் வண்டியோடு வந்து நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது.

வந்தே விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்று பிரதோஷம். பட்டறையைக் கூட்டிவிட்டுப் போக அவர் மட்டும் வந்திருந்தார். வெயிலில் வெளிறிய பழைய சிவப்புக் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நெற்றியில் நீறு. இடப்பக்கம் அவர் மனைவி. அந்த அம்மாள் பக்கத்துக் கதவுதான் எங்கோ இடித்து, நிமிர்த்தி, பட்டியும் போட்டு, பூசாமல் மொட்டையாக நின்றது. சாயங்காலம் மலைக்குப் போக வேண்டும், அதற்குள் பூசித் தர வேண்டும் என்று கேட்டார்கள்.

செங்கோடனார் கைகூப்பினார். “சாமி, எனக்கு நெறந் தெரியாதுங்க. கண்ணு கெட்டுப்போச்சுங்க.”

“பாக்கறதுக்கு நாங்க இருக்கறமுங்க. பூசறதுக்கு உங்க கைதான் வேணும்,” என்றார் வந்தவர். சாவியைக் கொடுத்துவிட்டு இருவரும் நடந்தே போய்விட்டார்கள்.

முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை; முடியும் என்று சொல்லவும் வழியில்லை. பாவம், வீட்டுக்குப் போய்த் தம் மனைவி பாவாயியைக் கூட்டிவந்தார். அவர் கலப்பார், அட்டையில் அடிப்பார், பாவாயி வண்டியோரம் பிடித்துப் பார்த்து, சேரவில்லை என்பார். என்ன குறைகிறது என்று கேட்டால் பாவாயிக்குச் சொல்லத் தெரியாது. சமையலில் உப்பா புளியா என்று அடித்துச் சொல்பவருக்கு, சிவப்புக்குள் மஞ்சள் கூடியதா கறுப்பு குறைந்ததா என்று எப்படித் தெரியும்? எதைச் சேர்த்தால் எப்படி மாறும் என்பது செங்கோடனாருக்குத் தெரியும். மாறியதா என்று பார்க்கத்தான் கண் இல்லை. பதினேழு அட்டைகள் போயின. வெயில் சாயத் தொடங்கியது. கிண்ணத்தில் ஒரு கதவுக்கு மட்டுமே நிறம் மிச்சமிருந்தது.

செங்கோடனார் தரையில் உட்கார்ந்து மலையைப் பார்த்து அழுதார். “என்னால ஆகலீங்களே அப்பா. உங்க பேரச் சொல்லித்தானுங்க இத்தன வருசம் அடிச்சேன். இன்னைக்கு உங்க அடியாரு வண்டியவே அசிங்கம் பண்ணப்போறேன்,” என்றார். பிறகு எழுந்து, தப்பென்று தெரிந்த அந்த நிறத்தையே பூசினார். பின்கதவின்மேல் இளைக்க விட்டார், மேலே பளபளப்புக்குக் கிளியரும் அடித்தார். எந்த முறையிலும் குறை வைக்கவில்லை.

“பாவாயி, பொய் சொல்லாத. சேந்துதா?”

“இல்லீங்க. கதவு தனியாத் தெரியுதுங்க,” என்று சொல்லிப் பாவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டிக்கு உரிய இருவரும் திரும்பி வந்தார்கள். செங்கோடனார் அவர்கள் காலடியில் விழுந்து, தொண்டு கெட்டது, கதவு சேரவில்லை என்று கதறினார்.

“சேரலீன்னா என்ன? அது எங்ககிட்ட வரலீன்னா, நாங்க அதுகிட்ட வர்றமுங்க,” என்றார் அந்த அடியார்.

அருகில் நின்ற அவர் மனைவி புதுக் கதவில் கை வைத்து, அங்கிருந்து வண்டியைச் சுற்றித் தடவிக்கொண்டே நடந்தார். கை போன வழியெல்லாம் பழைய நிறம் மாறிக்கொண்டே வந்தது. பாவாயி கணவரின் தோளைப் பிடித்து உலுக்கி, வண்டி மாறுகிறது, பாருங்கள் என்றார். செங்கோடனார் தலையைத் தூக்கினார். அந்த ஒரு கணம் அவர் கண்ணுக்கு நிறம் திறந்தது. கதவு அப்படியே இருந்தது. மஞ்சள் அளவுக்கு மீறி விழுந்து காவியேறிய சிவப்பு. அவர் கலந்த பிழையேதான். முன்னும் பின்னும் கூரையும் முழு வண்டியும் அந்தப் பிழையின் நிறத்தைப் பூசிக்கொண்டு, எங்கும் ஒட்டுத் தெரியாமல் நின்றன.

வண்டி மலைச்சாலையில் ஏறிப் போனது. வளைவு திரும்புமுன் அவர்கள் இருவராக இல்லை, ஒருவராகத் தெரிந்தார்கள் என்று பாவாயியார் சாகும்வரை சொல்லிவந்தார். செங்கோடனாருக்கு நிறம் மறுபடி மங்கிப்போயிற்று. திரும்பத் தா என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. மறுநாளும் போய்த் தகடு தேய்த்தார். நம்மில் எவர் கை பிழைத்ததை இறைவன் தன் மேனியெல்லாம் ஏற்றுக்கொண்டான்? அந்தக் கைக்கு உரிய செங்கோடனார் திருவடி வாழ்க.