கலைந்த கோட்டின் உயரம்

இசக்கிச்செல்விக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் வேலை கற்க வந்த சேசடிமைக்கு ஐம்பத்தெட்டு. துறைமுக வயர்லெஸ் அறையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர், ஓய்வு பெற்றபின் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் இந்த வானாய்வு நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

வேலை இதுதான். கால் மணிக்கொருமுறை கருவி வானத்துக்கு ரேடியோ அலையை அனுப்பும். முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் மின்சாரம் ஏறிய மெல்லிய காற்று அதைத் திருப்பி அனுப்பும். திரையில் ஒரு கோடு விழும். அதன் உயரத்தை நோட்டில் எழுத வேண்டும்.

அன்று பொழுது சாய்ந்ததும் கோடு கலைந்தது. திரை முழுக்க அப்பிக்கொண்டது. ஒலிபெருக்கியில் எப்போதும் சீராகக் கேட்கும் செயற்கைக்கோளின் ஓசை விட்டுவிட்டு வந்தது, தண்ணீருக்கடியிலிருந்து யாரோ பேச முயல்வது போல. சேசடிமை திரையை நெருங்கிப் போய்ப் பார்த்தார்.

“மேல என்ன வருது மேடம்?”

“ஒண்ணும் இல்லாத இடம் அண்ணாச்சி, குமிழி மாதிரி. அடியிலேருந்து ஏறி வருது. நூறு கிலோமீட்டர் அகலம் இருக்கும். சாட்டிலைட் சிக்னலையும் அறுத்துப்போடும்.”

“நம்ம கருவிக்கு அது தெரியுதா?”

“அதோட ஓரம் நடுங்குதுல்லா, அது மட்டும் தெரியும்.”

சேசடிமையின் மகன் ரெக்ஸன் ஆழ்கடலில் இருந்தான். தினமும் ஏழு மணிக்குச் சாட்டிலைட் போனில் கூப்பிடுவான். அன்று கூப்பிடவில்லை.

இசக்கிச்செல்வி நோட்டைப் பார்த்தார். கலைந்த கோட்டுக்கும் சேசடிமை உயரம் எழுதியிருந்தார்.

“இந்த நம்பர் எங்கேருந்து வந்தது?”

“நடுவுல எங்கயாவது கோடு இருக்கும்னு வச்சுக்கிட்டேன். பழக்கம் மேடம். போட்டுலேருந்து பேச்சு வரலன்னா பொண்டாட்டி பிள்ளைங்க வயர்லெஸ் ரூம் வாசல்ல வந்து நிக்கும். ‘சிக்னல்தான் இல்ல, ஆளு நல்லாருக்கான்’னு சொல்லி அனுப்புவேன்.”

“அவங்க எல்லாரும் கரைக்கு வந்தாங்களா?”

சேசடிமை நோட்டை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

இசக்கிச்செல்வி ரப்பரை எடுத்து எண்களை அழித்தார். அந்தக் கட்டங்களில் ‘எஃப்’ என்று எழுதினார். கோடு கலைந்திருக்கிறது, அளக்க முடியவில்லை என்று அர்த்தம்.

ஒன்பதரைக்கு ஓசை சீரானது. திரையில் கோடு சுத்தமாக விழுந்தது. வானம் ஒன்றுமே நடக்காதது மாதிரி இருந்தது. சேசடிமைக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

மேசையில் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். மருமகள் ஜெனிபா.

“மாமா, அவிய இன்னும் கூப்பிடல. சிக்னல்தானே?”

சேசடிமை போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“மேடம், வானம் சரியாயிட்டு. பிள்ளைகிட்ட நான் இப்ப என்னத்தச் சொல்ல?”

வீட்டுக்குக் கிளம்பத் தோளில் மாட்டியிருந்த பையை இசக்கிச்செல்வி கழற்றி வைத்தார். நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ரெக்ஸன் கோடு இன்னும் கலைஞ்சுதான் இருக்கு அண்ணாச்சி. நோட்டுல எழுதின மாதிரி நம்பர் எழுதிராதீங்க, தெரியலன்னே சொல்லுங்க. கால் மணிக்கொருதரம் அவனைக் கூப்பிட்டுப் பாப்போம்.”