ஓடாத காரின் ஆயில்

“ஓடினாத்தானே சாமி ஆயில் கெடும்? நம்ம கார்தான் ஓடவே இல்லையே.”

தணிகாசலம் இப்படிக் கேட்டுக்கொண்டே வந்து நின்றபோது, சின்னச்சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

போளூருக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து மடம் அது. பெரிய சாமி அடங்கிய பிறகு பொறுப்புக்கு வந்தவருக்கு நாற்பது வயதுதான் என்பதால் ஊரே அவரைச் சின்னச்சாமி என்றது. சீடர் தணிகாசலத்துக்கோ அறுபத்து மூன்று. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். குருவைவிடச் சீடனுக்கு வயது கூடிவிட்டால் அவன் சந்தேகம் கேட்கமாட்டான், தீர்ப்புக் கேட்பான். தணிகாசலமும் அன்றைக்குத் தீர்ப்புக் கேட்கத்தான் வந்திருந்தார்.

“கெட்டுப்போச்சுன்னு யார் சொன்னது?”

“மெக்கானிக் மஸ்தான் பாய். ஆயில் லைட்டு அணைய மாட்டேங்குதேன்னு கூட்டிட்டு வந்து காட்டினேன். நாலு வருஷமா மாத்தலையான்னு தலையில அடிச்சுக்கறார் சாமி.”

“மாத்தலையா?”

“எதுக்கு மாத்தணும்? பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்னு புத்தகத்திலேயே போட்டிருக்கு. நம்ம கார் ஆயிரத்து இருநூறுதான் ஓடியிருக்கு. லாரிக்காரனுக்கு இந்தக் கணக்கு தெரியாதா?”

சின்னச்சாமி அடுத்த கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆரணி அரிசி ஆலைக்காரர் ஒருவர் பக்தியில் வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கார். சின்னச்சாமியோ எங்கும் நடந்தே போகிற ஆள். தணிகாசலம் மடத்துக்கு வந்த அதே வருஷம் வந்த காரை அவரிடமே ஒப்படைத்தார்கள். தினமும் குளித்துவிட்டு வந்து காரைத் துடைப்பார், முகப்பில் திருநீறு பூசுவார், ஸ்டார்ட் செய்வார். சரியாக ஐந்து நிமிஷம். அப்புறம் நிறுத்தி, உறை போட்டு மூடிவிடுவார். நாலு வருஷத்தில் ஒரு கீறல் விழவில்லை. மனுஷனுக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

“தைப்பூசத்துக்கு இன்னும் எத்தனை நாள்?” என்றார் சின்னச்சாமி.

ஆயிலில் இருந்து பூசத்துக்கு எப்படித் தாவினார் என்று தணிகாசலத்துக்குப் புரியவில்லை. ஆனாலும் முகம் மலர்ந்துவிட்டது.

“எட்டு நாள் சாமி.”

அந்தப் பூசத்தன்றுதான் அவருக்குக் காவி. நாலு வருஷமாக வெள்ளை வேட்டியோடு காத்திருந்தவர். காவி மேலே ஏறிவிட்டால் வீடு, மனைவி, மக்கள் எல்லாம் அன்றோடு சரி. அதற்கு அந்த மடத்தில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. குடும்பஸ்தனாக வந்தவனுக்கு அவன் மனைவி தன் வாயால் சம்மதம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் காவி கிடையாது.

“அந்த அம்மா சம்மதிச்சாங்களா?”

“சம்மதிச்சுட்டா சாமி. போன ஞாயிறு போன்ல கேட்டேன். சரின்னுட்டா.”

“என்ன கேட்டீங்க?”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் பேசுவேன். நாலு வருஷத்துல ஒரு வாரம் தவறினதில்ல. சாப்பிட்டியாம்பேன். மாத்திரை இருக்காம்பேன். அங்க மழை பெய்யுதாம்பேன். போன வாரம் அதெல்லாம் கேட்டு முடிச்சிட்டு, பூசத்துக்கு நான் காவி வாங்கிக்கட்டுமான்னேன். சரின்னா. ஒரு நொடி யோசிக்கல சாமி.”

“எவ்வளவு நேரம் பேசுவீங்க?”

“அது ஆகும், அஞ்சு நிமிஷம். ஒரு சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது.”

சின்னச்சாமி கீரை முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். நேராகக் காரிடம் போய் உறையை விலக்கினார். “திறங்க” என்றார்.

தணிகாசலம் முன்மூடியைத் தூக்கினார்.

சின்னச்சாமி ஆயில் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருகி எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் முழுக்க வெள்ளையாக, கெட்டி மோர் மாதிரி என்னவோ அப்பியிருந்தது. விரலால் வழித்தார். தணிகாசலத்தின் தோளில் கிடந்த சலவைத் துண்டை இழுத்து அதிலேயே துடைத்தார்.

“இது என்ன?”

தணிகாசலத்துக்குத் துண்டு போன வருத்தம். “ஆயில்ல தண்ணி கலந்திருக்கு சாமி.”

“யார் ஊத்தினது?”

“யாரும் ஊத்தல. காத்துல இருக்கிற ஈரம் உள்ளே போய்ப் படிஞ்சிடும்.”

“அது போக வழி இல்லையா?”

“இன்ஜின் நல்லா கொதிச்சா ஆவியாப் போயிடும்.”

“நீங்கதான் தினமும் ஓடவிடறீங்களே?”

“ஓடவிடறேன். ஆனா...” தணிகாசலம் தலையைச் சொறிந்தார். “சூடாகறதுக்குள்ள நிறுத்திடறேன் சாமி.”

சின்னச்சாமி மூடியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கீரைக்குத் திரும்பினார்.

தணிகாசலம் பின்னாலேயே போனார். “இப்ப என்ன பண்றது சாமி?”

“ஆயிலை மாத்துங்க. மாத்திட்டு, சூடாகிற வரைக்கும் ஓட்டுங்க.”

“எந்தப் பக்கம் ஓட்டறது?”

“செய்யாறு எத்தனை கிலோமீட்டர்?”

“ஐம்பத்திரண்டு.”

சின்னச்சாமி முறத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கீரை மறுபடி அதில் விழ ஆரம்பித்தது.

செய்யாறில்தான் தணிகாசலத்தின் வீடு. மனைவி அமிர்தவல்லி அங்கே தனியாக இருந்தாள். ஒரே மகள் மலர் கல்யாணமாகி ஓசூரில். நாலு வருஷமாக இவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மடத்துக்கு வந்தவன் வீட்டுப் படி மிதிக்கக்கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். சாமி போட்ட சட்டமா? இல்லை. இவராகப் போட்டுக்கொண்டது. நமக்கு நாமே போட்டுக்கொள்கிற சட்டத்தை மட்டும் மீறவே மாட்டோம், அது தனிப் பெருமை.

மஸ்தான் பாய் ஷெட்டில் காருக்கு அடியில் தட்டை வைத்து நட்டைக் கழற்றினார். கறுப்பாக, தண்ணீராக ஒழுகியது. கூடவே பெட்ரோல் நாற்றம்.

“பாருங்கண்ணே. பிசுக்குன்னு ஒண்ணு இருக்கா இதுல? இது எப்படி இன்ஜினைக் காப்பாத்தும்?”

“ஓடவே இல்லையே பாய்.”

“யானை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும்னு சொல்லுவாங்கல்ல. காரும் அந்த ஜாதிதான். கிலோமீட்டர் ஒரு கணக்கு, நாள் ஒரு கணக்கு. எது முன்னால வருதோ அன்னைக்கு மாத்திடணும். நிறைய ஓடற வண்டிக்குக் கிலோமீட்டர் முன்னால வரும். நிக்கிற வண்டிக்கு நாள் வந்திடும். வருஷத்துக்கு ஒரு தடவை. உங்களை மாதிரி அஞ்சு நிமிஷம் உறுமவிட்டு நிறுத்தறவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை.”

“சும்மா நிறுத்தி வைக்கக்கூடாதுன்னுதானே தினமும் ஸ்டார்ட் பண்ணினேன்.”

“அதுக்கு ஸ்டார்ட் பண்ணாமலே இருந்திருக்கலாம்ணே. கோவிச்சுக்காதீங்க. குளிர்ந்த இன்ஜின்ல அஞ்சு நிமிஷம்னா ஈரமும் பெட்ரோலும் உள்ளே சேரத்தான் சேரும். வாரத்துக்கு ஒரு நாள் எங்கயாவது போய்ட்டு வந்திருந்தா இந்தக் கதியே இல்ல.”

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷ ஸ்டீயரிங்குக்கு இது தெரிந்திருக்கவேண்டும். லாரி ஒரு நாளும் நின்றதில்லை. அதனால் நிற்கிற வண்டியின் பாடு அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

பாய் புது ஆயில் ஊற்றி, பில்டரை மாற்றி, சாவியைத் திருப்பினார். லைட் எரிந்து அணைந்தது.

“ஆளைப் பொழைக்க வச்சாச்சு. உள்ளே தேஞ்சது தேஞ்சதுதான், அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. நிறுத்தாம ஓட்டிட்டுப் போங்க.”

ஆரணி தாண்டியதும் இன்ஜின் சத்தம் மாறியது. இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம் போய், ஒரே சீராக வந்தது. நாலு வருஷத்தில் அந்தக் காரை அவர் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அமிர்தத்தின் நினைப்பு வந்தது. ஒரு நொடி யோசிக்கல சாமி என்று காலையில் பெருமையாகச் சொன்னாரே, அது பொய். சொன்னது உண்மைதான், பெருமை பொய். அவள் யோசிக்காமல் சரி என்றது ஒரு வாரமாக நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது. முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவள். ஐயோ என்னங்க இப்படிச் சொல்றீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோகும்? அழவேண்டாம். கொஞ்சம் தாமதமாகவாவது சரி என்றிருக்கலாம்.

என் மேல் அவ்வளவு வெறுப்பா என்று நினைத்தார். நினைத்தபோது கண் கலங்கியது. துண்டை எடுத்தார். அதில் ஆயில் நாறியது.

செய்யாறு வந்தபோது பத்தரை மணி.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அமிர்தவல்லி வாசலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. போகும்போது அப்படி இல்லை.

“அமிர்தம்.”

திரும்பவில்லை.

“அமிர்தம், நான்தான்.”

கடலை உடைகிற சத்தம் நிற்கவே இல்லை.

கோபம்தான், சந்தேகமே இல்லை என்று நினைத்தார் தணிகாசலம். கோபமாவது இருக்கிறதே என்று அல்ப சந்தோஷமும் பட்டுக்கொண்டார். மூன்றாம் தடவை உரக்கவே கூப்பிட்டார். பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு பெண் எட்டிப்பார்த்தாள். அமிர்தம் அசையவில்லை.

அவர் உள்ளே போய் எதிரே நின்றார்.

அவள் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள். மடியில் இருந்த கடலையெல்லாம் சிதறியது. அப்புறம் முகம் முழுக்கச் சிரித்தாள்.

“எப்ப வந்தீங்க? உக்காருங்க. உடம்பு இளைச்சிடுச்சே.”

கோபம் இல்லை. வெறுப்பும் இல்லை.

“மூணு தடவை கூப்பிட்டேன்” என்றார்.

அவள் அவர் வாயையே பார்த்தாள். “மெதுவாச் சொல்லுங்க. வாயைப் பாத்தாத்தான் புரியும்.”

“என்ன அமிர்தம்?”

“காது போயிடுச்சுங்க. ரெண்டு வருஷமாச்சு. விஷக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன். காய்ச்சல் விட்டுது, காதையும் கொண்டுபோயிடுச்சு.”

தணிகாசலம் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“ஆஸ்பத்திரியிலயா? எனக்குச் சொல்லலையே. மலரும் சொல்லலையே.”

“மகளை நான்தான் சொல்லவேண்டாம்னேன். நீங்களே விசாரிப்பீங்க, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீங்க கேக்கற மூணுல அது வரவே இல்ல.”

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை வரவில்லை என்பதைப் போலச் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. உள்ளே தேய்ந்தது தேய்ந்ததுதான் என்று தெரிந்தது.

“அப்ப ஞாயித்துக்கிழமை எங்கூடப் பேசினது யாரு?” வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

“நான்தான். ஆறு மணிக்குப் போனைக் கையிலயே வச்சிருப்பேன். அதிரும். எடுப்பேன். ஓடற நொடியை அதுல பாத்துக்கிட்டே இருப்பேன்.” அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. “முதல்ல சாப்பிட்டேம்பேன். கொஞ்சம் விட்டு, மாத்திரை இருக்கும்பேன். அப்புறம் மழையைச் சொல்வேன். நடுவுல அளவா நிறுத்திச் சொல்லணும், இல்லன்னா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. இந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவை தப்பினதில்ல.”

“போன ஞாயிறு?”

“போன ஞாயிறும் அதேதான். சாப்பிட்டேன், இருக்கு, பெய்யல. கடைசியா எப்பவும் வச்சிடட்டுமாம்பீங்க. சரின்னேன்.”

தணிகாசலம் சிதறிக் கிடந்த கடலையைப் பொறுக்கி அவள் மடியில் போட்டார்.

அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அப்புறம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“ஏங்க, போன வாரம் வேற ஏதாவது கேட்டீங்களா?”