பாழ்ச்சந்தையில் ஒரு முத்திரை

பாழடைந்த ஓடைப்பட்டிச் சந்தையில் உச்சி வெயிலிலும் உடம்பு சில்லிடும். அதை மறுபடி திறக்க, சரக்கைச் சோதித்து முத்திரை குத்தும் வடிவாம்பா வந்தாள்.

இரண்டு பேய்கள் மறித்தன. ஒன்று, சட்டமே கூடாதென்று கலப்பட எண்ணெய் விற்ற வியாபாரி. மற்றது, வியாபாரமே கூடாதென்று கடைகளைப் பூட்டிய அதிகாரி.

"எங்களில் யார் சரி? தப்பாகச் சொன்னால் நீயும் இங்கேதான்!"

"முதலாளி, உங்க எண்ணெயில நீங்களே ஒரு மடக்குக் குடிங்க. ஐயா, பசிக்குது, ஒரு பிடி அரிசி போடுங்க."

வியாபாரி பின்வாங்கினான். அதிகாரி தன் தோள்மூட்டையை அவிழ்த்தான்; பூட்டிய கடைகளின் சாவிகள்தான் கொட்டின.

"அப்போ ரெண்டு பேரும் ஒதுங்குங்க. கடை திறக்கட்டும், சோதிச்சு முத்திரை நான் குத்துறேன்."

திரும்பினாள். எண்ணெயால் செத்தவர்களும் பட்டினியால் செத்தவர்களும் பையோடு வரிசையில் நின்றார்கள். ஒருவருக்கும் கால் தரையில் பாவவில்லை.

"சீக்கிரம் குத்து தாயி, செத்ததுலேருந்து நிக்கிறோம்."