வாசலில் நிற்கும் சீனத்துப் பெண்

“ஒரு பொம்பள தினமும் வந்து கோப்பையைக் கேக்குறா, ஷெய்கு,” என்றார் மகுதூம் மரைக்காயர்.

ஷெய்கு அபூதாஹிர் உப்பு வாரிக்கொண்டிருந்தார். வாருபலகை நிற்கவில்லை.

“கொடுத்துட வேண்டியதுதானே, காக்கா.”

“கனவுல வர்றா.”

பலகை நின்றது.

காயல்பட்டினத்துக்கு வெளியே, கடல் கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் கேட்கும் தூரத்தில் அந்த உப்பளம். பாத்திகளில் வானம் படுத்துக் கிடந்தது. எது தண்ணீர், எது வெயில் என்று பிரித்துச் சொல்ல முடியாத நேரம்.

ஷெய்குக்கு முப்பத்தொன்பது வயது. ‘காக்கா’ என்று அண்ணன் முறையில் அவர் அழைத்த மகுதூமுக்கு அறுபத்தொன்று. இருந்தும் ஷெய்கு அவருக்கு ஞானகுரு; வரப்பின் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மகுதூம் ஏறி வந்திருந்தார்.

முப்பது வருஷம் ஹாங்காங்கில் ரத்தினக் கல் வியாபாரம் செய்தவர். வீட்டுக்கு அனுப்பியது போக மிஞ்சியதெல்லாம் பழைய சாமான்களுக்குப் போனது. பாசி நிறச் சீனக் கிண்ணங்கள். ஜப்பானிய அரக்குப் பெட்டிகள். விரல் நுனியில் உட்காரும் தந்தத்து எலி, தந்தத்துக் குரங்கு. உட்பக்கமாகச் சித்திரம் எழுதிய மூக்குப்பொடிக் குப்பிகள்.

ஊர் திரும்பியபோது இருபத்தேழு மரப்பெட்டிகள் கூடவே வந்தன. மாடி அறை முழுக்கக் கண்ணாடி அலமாரி. வெள்ளைக் கையுறை போட்டுத்தான் தொடுவார். வேறு யாரும் தொடுவதில்லை. கோப்பைகள் மட்டும் அறுபத்தொரு உருப்படி.

“எப்ப வர்றா?”

“மதியம் லுஹர் தொழுதுட்டுக் கண்ணசருவேன். அப்ப. வாசல்ல நிக்கிறா. சாம்பல் நிறச் சட்டை. அவளுக்குப் பின்னால மழை பெய்யுது. நம்ம தெருவுல வெயில், அவ முதுகுக்குப் பின்னால மட்டும் மழை.”

“கோப்பைன்னு சொல்றாளா?”

“சீனத்துல என்னவோ சொல்றா. ஆனா கை இப்படி.”

மகுதூம் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து நீட்டினார்.

“கைக்குள்ள ஒண்ணும் இல்ல, ஷெய்கு. ஆனா ஆவி பறக்குது. அவளோட கோப்பை ஏதோ என்கிட்ட வந்து சேர்ந்திருக்கு. அதைத்தான் கேக்குறா. எனக்குப் பயமா இருக்கு.”

“எதுக்கு?”

“எல்லாம் காசு கொடுத்து வாங்கினதுதான். ஆனா எனக்கு வித்தவன் யார்கிட்ட வாங்கினான், அவன் யார்கிட்ட எடுத்தான், யாருக்குத் தெரியும்?”

ஷெய்கு பலகையை வரப்பில் சாய்த்தார்.

“நாளைக்குப் படுக்கும்போது ஒரு கோப்பையைக் கையில வச்சுக்கிட்டுப் படுங்க. அவளுதுன்னா எடுத்துக்குவா.”

“கையுறையோடவா?”

“கையுறை போட்டுக்கிட்டா தூங்குவீங்க?”

*

மறுநாள் மகுதூம் நாரைச் சித்திரம் போட்ட கோப்பையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தார்.

அவள் வந்தாள். நாரையைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். இல்லை.

அடுத்த நாள் நீலப் புல் வரைந்த ஜப்பான் கோப்பை. இல்லை.

அடுத்த நாள் நிலா வெளிச்சம் உறைந்தது போன்ற வெள்ளை. இல்லை.

விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவே, வெறும் விரல்களுக்கு ஒவ்வொரு கோப்பையும் வேறு வேறாக இருந்தது. ஒன்றில் பொன் விளிம்பு ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தது. யாரோ எப்போதும் அந்தப் பக்கமாகவே குடித்திருக்கிறார்கள். இன்னொன்றின் அடியில், மெருகுக்குக் கீழே, சுட்டவனின் கட்டைவிரல் ரேகை. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து எத்தனையோ முறை முத்திரை தேடிய அதே அடிப்பாகம்தான். ரேகையை இதுவரை பார்த்ததில்லை.

அவர் மனைவி மைமூன் கதவருகில் நின்று பார்த்தாள்.

“பச்சப் புள்ளையப் போட்டுத் தூங்குற மாதிரி தூங்குறீங்க,” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

பத்தொன்பது நாள். பத்தொன்பது கோப்பை. இருபதாவது நாள் மகுதூம் உப்பளத்துக்குப் போனார். செருப்பைக் கழற்ற மறந்திருந்தார்.

“அவளுக்கு எதுவுமே வேண்டாமாம்! எதை நீட்டினாலும் தலையை ஆட்டுறா.”

“நீட்டும்போது என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்ல? ‘இதுவா?’ன்னு கேட்டேன். கடைச் சீனம்தானே எனக்குத் தெரியும். இது என்ன விலை, ரொம்ப அதிகம், இது அசலா. அவ்வளவுதான்.”

“அவ எங்க நிக்கிறா?”

“அதான் சொன்னேனே. வாசல்ல.”

“இத்தனை நாளாவா?”

மகுதூம் அப்போதுதான் காலில் கிடந்த செருப்பைப் பார்த்துக் கழற்றினார்.

ஷெய்கு வாருபலகையை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

*

வீட்டுக்கு வந்து மைமூனிடம் எல்லாவற்றையும் சொன்னார். கனவைச் சொன்னார். கோப்பைகளைச் சொன்னார். ஷெய்கு கேட்டதையும் சொன்னார்.

அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

“இது யார் வீடு?”

அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கட்டிக்கொண்டவர் வந்து இருப்பார்.

“உன் வீடு.”

“என் வீட்டு வாசலுக்கு வந்தவளை, அதுவும் மழையில நனைஞ்சு வந்தவளை, உள்ள வான்னு சொல்லாம நிக்க வச்சுப் பேசியிருக்கீங்க. ஊர் யாரைச் சொல்லும்? உங்களையா சொல்லும்?”

“கனவுதானே, மைமூன்.”

“கனவுன்னா மரியாதை கிடையாதா?”

அவள் மறுபடி கத்தியை எடுத்தாள்.

மகுதூம் மெதுவாகச் சொன்னார். “உள்ள வான்னு அவங்க பாஷையில எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாது.”

“முப்பது வருஷம் இருந்தீங்களே!”

மகுதூம் ஆய்ந்த மீனுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

“தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கேளுங்க,” என்றாள்.

*

ஹாங்காங்கில் தெரிந்தவர் என்றால் லாவ்தான். சாய்வான ஒரு தெருவில் பழைய சாமான் கடை வைத்திருந்தவர். மகுதூமின் அலமாரியில் பாதி அந்தக் கடையிலிருந்து வந்தது. கடையை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

தொலைபேசி மணி ரொம்ப நேரம் அடித்தது.

“மரைக்காயர்!” என்றது கிழக் குரல். அவர்கள் பேசிக்கொள்வது உடைந்த ஆங்கிலத்தில். “விக்கப் போறீங்களா? வாங்கப் போறீங்களா?”

“ரெண்டும் இல்ல. ஒரு வார்த்தை வேணும். ‘உள்ளே வாங்க, கொஞ்சம் உக்காருங்க’ன்னு உங்க பாஷையில எப்படிச் சொல்லணும்?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தார்.

“லாவ்?”

“யப் லாய் சோ ஹா லா.”

மகுதூம் திருப்பிச் சொன்னார். லாவ் திருத்தினார். மறுபடி சொன்னார்.

“சரியா வருதா?”

“வருது.” லாவ் கொஞ்சம் இருமினார். “நீங்க கடைக்கு வந்தப்பல்லாம் நான் சொன்னதுதானே அது. முதல் நாள்லேர்ந்து.”

மகுதூமுக்குக் கடை ஞாபகம் வந்தது. மணி கட்டிய கதவு. லாவ் ஒரு முக்காலியை இழுத்து, துணியால் துடைத்து, சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வார். தோளுக்கு மேலே, அவருக்குப் பின்னாலிருந்த அலமாரி ஒவ்வொரு தட்டாக ஞாபகம் வந்தது.

“நான் என்ன சொல்வேன்?”

“‘அது என்ன விலை?’ன்னு கேப்பீங்க.” லாவ் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குறை எதுவும் இல்லை. “உங்களுக்கு நல்ல கண்ணு, மரைக்காயர். கடையில நல்ல சாமான் எங்க ஒளிஞ்சிருந்தாலும் கண்டுபிடிச்சிடுவீங்க. என் வீட்டுக்காரிக்குத்தான் வருத்தம்.”

“ஏன்?”

“நீங்க வந்ததும் உள்ள போய்த் தேத்தண்ணி போடுவா. ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வந்து நிப்பா. நீங்க ஏதாவது ஜாடியைக் கவுத்து அடியைப் பாத்துக்கிட்டிருப்பீங்க. ஆறிப்போயிடும். எடுத்துட்டுப் போயிடுவா. அடுத்த தடவையும் போடுவா.”

மகுதூம் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இப்ப எப்படி இருக்காங்க?”

“போயிட்டா. ரெண்டு மாசமாச்சு.”

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். அடுப்படியிலிருந்து மீன் வாசம் வந்தது. மகுதூம் அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்த்தார். முக்காலி வந்தது. மணி வந்தது. ஜாடியின் அடியிலிருந்த நீல முத்திரை, கோடு பிசகாமல் வந்தது.

“லாவ், அவங்க பேர் என்ன?”

லாவ் சொன்னார். பிறகு வெகுநேரம் அவளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். மகுதூம் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் அவர்கள் சாமானைப் பற்றிப் பேசாமல் பேசியது அன்றுதான்.

*

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து சாயங்காலமாக மகுதூம் உப்பளத்துக்கு நடந்தார். வெயில் தணிந்திருந்தது. குவித்துவைத்த உப்பு மேடுகள் தரையை விட்டு ஒரு சாண் உயரத்தில் மிதப்பது போலிருந்தன. ஷெய்கு வரப்பில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பாதியைப் பிய்த்து நீட்டினார். மகுதூம் வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வந்தாளா?”

“வந்தா.”

“இந்தத் தடவை எதைக் கையில வச்சிருந்தீங்க?”

“ஒண்ணும் வச்சுக்கல. வெறுங்கையோடதான் படுத்தேன்.”

“உள்ள வான்னு சொன்னீங்களா?”

“சொன்னேன். சிரிச்சா. என் உச்சரிப்பு அப்படி. உள்ள வந்துட்டா. மழையும் அவ கூடவே உள்ள வந்துச்சு. ஆனா எதுவும் நனையல.”

காற்று பாத்திகளின் மேல் போயிற்று. வானம் துண்டு துண்டாக அசைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது.

“கோப்பையைக் கேட்டாளா?”

“கேக்கல, ஷெய்கு. கொண்டு வந்திருந்தா.”

“குடிச்சீங்களா?”

“குடிச்சேன். நல்ல சூடு.”

ஷெய்கு விரலிலிருந்த ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டார்.

“சீனத்துக் கோப்பையா, ஜப்பானா?”

மகுதூம் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

“கவனிக்கலையே, ஷெய்கு,” என்றார். “அந்த அம்மா முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.”