கட்சிக்காரர் நாற்காலி

டக், டக் என்று சத்தம். பாளையங்கோட்டையில் அந்த வக்கீல் ஆபீஸ் படியேறுகிறவர்களுக்கு, ஆளைப் பார்க்கும் முன்னே அது காதில் விழும். வேலாயுதப் பெருமாள் கேஸ் கட்டு தைக்கக் குத்தூசி இறக்குகிறார் என்று அர்த்தம்.

தபால் ரயிலில் இருபத்தெட்டு வருஷம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்துப் போட்டவர். வேலையை விட்டபின் சட்டம் படித்து, தன்னைவிடப் பத்து வயது இளையவரான வக்கீல் எஸ்தரிடம் ஜூனியராகச் சேர்ந்தார்.

மறுநாள் செல்வமங்கையின் வழக்கு. நர்ஸ் வேலை பார்க்கிறவள். மில் முதலாளி ஒருவரைக் கடிதம் எழுதி மிரட்டினாள் என்று குற்றச்சாட்டு. ஊரே பேசிச் சிரித்தது. நான் எழுதவில்லை என்றாள். தோற்றால் ஜெயில், வேலையும் போகும். முதலாளி ஒரு காலத்தில் அவளுக்கு எழுதிய காதல் கடிதங்களைத் துணிப்பையோடு எஸ்தரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

சத்தம் நின்றது.

"மேடம், முதலாளிக்கு நாலு வரி அனுப்பிருவோம். கடிதமெல்லாம் நம்மகிட்ட இருக்குன்னு. மனுஷன் கூண்டுல ஏறவே மாட்டாரு."

"எழுதிட்டீங்களா?"

"மேஜையில வச்சிருக்கேன்."

"அப்ப உட்காருங்க, அண்ணாச்சி."

அந்த ஆபீசில் ஒரு பழக்கம். எழுதியவர் கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார வேண்டும், எஸ்தர் வாசிப்பார். தான் எழுதியதை, வாங்குகிறவன் காதால் கேட்க வேண்டும்.

எஸ்தர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"'உங்கள் கடிதங்கள் பத்திரமாக உள்ளன. சொன்னபடி நடந்துகொண்டால் வெளியே வராது. குடும்ப மானம் இனி உங்கள் கையில்.'"

வேலாயுதப் பெருமாள் கண்ணை மூடிக் கேட்டார்.

"'பத்திரமாக'ன்னா போட்டேன்? நல்லாத்தான் விழுந்திருக்கு."

"மாத்தணுமா?"

"ஒரு எழுத்து மாத்த வேண்டாம். இதக் கேட்டா நானே கூண்டுல ஏற மாட்டேன்."

எஸ்தர் தாளை நீட்டினார். அதில் இருந்தது வேலாயுதப் பெருமாளின் கையெழுத்து இல்லை. மூலையில் கோர்ட் முத்திரை. செல்வமங்கை எழுதியதாகப் போலீஸ் கொடுத்த மிரட்டல் கடிதத்தின் நகல். அவர் எழுதிய தாள் மடித்தது மடித்தபடி மேஜையில் கிடந்தது.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்படியா ஆளைக் கவுக்கிறது?"

"டீ சொல்லவா, அண்ணாச்சி?"

"டீ கிடக்கட்டும். நாளைக்கு நம்ம கையில என்னதான் இருக்கு?"

எஸ்தர் துணிப்பையை எடுத்து அவர் மடியில் வைத்தார். பையின் வாயில் மூன்று முடிச்சு. அழுக்கேறி, இறுகி, கல்லாகியிருந்தது. தபால் பை முடிச்சு பார்த்துப் பழகிய விரல். இது வெகுநாளாக அவிழ்க்காத முடிச்சு என்று தொட்டதுமே தெரிந்தது.

"அந்தாளு அவளை விட்டுட்டுப் போயி ஆறு வருஷம். இத்தனை நாளும் இதை அவ அவுக்கல. மிரட்ட நெனச்சவ ஒரு கடிதமாவது வெளிய எடுத்திருப்பா. அதுதான் நம்ம கேஸ்," என்றார் எஸ்தர். "நாமளும் அவுத்துராம இருக்கணும்."

வேலாயுதப் பெருமாள் பையை அப்படியே எஸ்தரிடம் திருப்பிக் கொடுத்தார். தன் தாளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

டக், டக் என்று மறுபடி சத்தம் கேட்டது.