தோற்றவருக்கே பந்து

கல்லாற்றுக் காட்டில் எட்டுக் கால்பந்து அணிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி மைதானம். ஆனால் பந்து ஒன்றே ஒன்றுதான், எப்போதோ ஆற்றில் மிதந்து வந்தது. அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. தோற்ற அணி பந்தை எடுத்துப்போய்ப் பழகும். அடுத்த ஆட்டமும் அந்த அணியின் மைதானத்திலேயே நடக்கும். நடுவர் முள்ளம்பன்றி. அது ஆடினால் பந்து மிஞ்சாது என்பதால் அதற்கு அந்த வேலை!

மூன்று வருடம் தொடர்ந்து காட்டெருமை அணியே கோப்பையை வென்றது. அதன் தலைவன் கட்டியனுக்குத் தலைகால் புரியவில்லை.

“இதென்ன கூத்து! ஜெயிக்கிறது நாங்க, பந்து மட்டும் அவங்களுக்கா? லீக்கையே மாத்தி அமைக்கணும்!”

“எப்படிண்ணே?” என்று கேட்டது நீர்நாய் அணியின் தலைவி குமிழி.

“ஜெயிச்சவங்ககிட்டதான் பந்து இருக்கும். எல்லா ஆட்டமும் எங்க மைதானத்துலதான். கடைசியா வர்ற அணிக்கு அடுத்த வருஷம் இடமே கிடையாது!”

“அப்போ நாங்க எதை வச்சுப் பழகறது?”

“அது உங்க பாடு!”

கட்டியனின் கொம்பைப் பார்த்துப் பயந்து எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதல் வருடம் முயல்கள் வெளியேறின. அடுத்த வருடம் குரங்குகள். பந்தைத் தொட்டே பார்க்காதவர்கள் எப்படி ஆடுவார்கள்? காட்டெருமைகள் முப்பது கோல், நாற்பது கோல் என்று போட்டுத் தள்ளின. வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் கொட்டாவி விட்டுக்கொண்டே கலைந்தது. இப்படியே வருடத்துக்கு ஓர் அணியாகக் குறைந்து, கடைசியாக நீர்நாய்களும் போய்விட்டன.

“இனி யாரோட ஆடறது?” என்று கட்டியனின் பத்துக் கூட்டாளிகளும் கேட்டன. அவையும் ஒவ்வொன்றாக நடையைக் கட்டின.

கட்டியன் தனியாகப் பந்தை உதைத்தது. தானே ஓடிப்போய் எடுத்து வந்தது. கோல் விழுந்தது. கைதட்ட ஆளில்லை, திட்டவும் ஆளில்லை. மைதானத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. யாராவது வந்து சண்டையாவது போட மாட்டார்களா என்று அதன் மனம் ஏங்கியது.

ஒருநாள் மாலை மலைக்கு அந்தப் பக்கம் ஆரவாரம் கேட்டது. கட்டியன் பந்தோடு போய் மூங்கில் புதருக்குப் பின்னால் நின்றது. அங்கே லீக்கிலிருந்து வெளியேறிய எல்லோரும் ஒரு பம்பளிமாஸ் பழத்தை உதைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பழம் பிளந்தால் தின்றுவிட்டு வேறு பழம் பறித்தார்கள். கட்டியனின் கூட்டாளிகளும் அங்கேதான் இருந்தன.

“யாரது புதருக்குள்ள?” என்று கத்தியது முள்ளம்பன்றி.

கட்டியன் தலைகுனிந்தபடி வெளியே வந்தது. “என்னையும் சேர்த்துக்குவீங்களா? பந்து கொண்டு வந்திருக்கேன்.”

“இங்கே பழைய சட்டம்தாண்ணே!” என்றது குமிழி.

“சரிம்மா.”

கூட்டாளிகள் பத்தும் கட்டியனின் பக்கம் வந்து நின்றன. எதிரில் நீர்நாய்கள். ஆட்டம் முடிந்தபோது நீர்நாய்களுக்கு நான்கு கோல், காட்டெருமைகளுக்கு ஒன்று. கட்டியன் பந்தை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தது. குமிழி பின்னாலேயே ஓடிவந்து பந்தை அதன் காலடியில் உருட்டிவிட்டது.

“பந்தை விட்டுட்டு எங்கேண்ணே போறீங்க? தோத்தது நீங்கதானே! அடுத்த வாரம் நாங்க எல்லாரும் உங்க மைதானத்துக்கு வரணுமில்ல!”

கட்டியனுக்குக் கண் கலங்கியது. எந்த வெற்றியிலும் அதற்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. வீடு திரும்பியதும் மைதானத்துப் புல்லை அவசர அவசரமாக மேயத் தொடங்கியது.

எதிரே நின்று ஆட ஆளில்லாமல் செய்துவிட்டவனுக்கு, வெற்றியில் மிஞ்சுவது தனிமை மட்டுமே.